முப்பது எமாஸுக்கு ஒத்தி வைத்த வயல்

மார்ச் மாதம் பிறந்து மகளிர் தினம் நெருங்கினால் என் தொலைபேசிக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். இந்தோனேசியாவில் மினாங்கபாவ் என்று ஓர் இனம் இருக்கிறதாம், உலகத்திலேயே பெரிய தாய்வழிச் சமூகமாம், வீடும் வயலும் பெண்களுக்குத்தானாம், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டுமாம். கூடவே எருமைக் கொம்பு போலக் கூரை வளைந்த வீட்டின் படம் ஒன்றும் இருக்கும். நான் மேற்கு சுமத்ராவில் பாடாங் நகரத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், அனுப்புகிறவர்கள் "இது உண்மையா?" என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். உண்மைதான் என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் கணக்கெழுதிப் பிழைக்கிறவளுக்குச் சொத்து யாருடையது என்ற கேள்வி அவ்வளவு லேசில் முடிவதில்லை. விளைச்சலை எடுத்துக்கொள்வது யார், விற்கும் உரிமை யாருக்கு, அடகு வைக்கக் கையெழுத்துப் போடுவது யார், வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்துவது யார்? நம் ஊர்ப் பத்திரத்தில் இந்த அதிகாரங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால் அவரை உரிமையாளர் என்று சொல்லி நிம்மதியாக இருக்கிறோம். நான் போய்வந்த கிராமத்தில் இவை ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடந்தன. விற்கும் உரிமை மட்டும் எவரிடமும் இல்லை.

அந்தக் கிராமம் தானா டாத்தார் மாவட்டத்தில், மராப்பி எரிமலையின் சரிவில் இருக்கிறது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரியின் சொந்த ஊர். அவள் என்னைவிட இளையவள் என்பதால் 'ஊனி' என்று கூப்பிடுவாள். அந்த ஊர் வழக்கில் அக்கா. விடுமுறை சேர்ந்தாற்போல வந்தால் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். அங்கே கிராமத்துக்கு நகாரி என்று பெயர். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் ஒரே மாதிரி கிராம நிர்வாகம் என்று சொல்லி நகாரிகளைக் கலைத்துத் துண்டு துண்டாக்கியது. நீண்ட காலம் அதிபராக இருந்த சுகார்த்தோ பதவியிலிருந்து போன பிறகு, 2000-க்கு மேல்தான் அவை திரும்பி வந்தன. இடைப்பட்ட காலத்தில் பெயர்ப்பலகை மாறியதே தவிர எவர் வயல் எது என்பதில் எந்த மாற்றமும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்றாலும் சொல்லும்போது அவர்களுக்கு ஒரு பெருமிதம் வரும்.

தோழி குடும்பத்தின் பெரிய வீடு, ரூமா காடாங், பூட்டிக் கிடந்தது. முன்பெல்லாம் பின்வரிசை அறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு மகள், அவளுடைய கணவன், குழந்தைகள் என்று குடும்பம் நிறைந்திருக்குமாம். இப்போது அதற்குப் பக்கத்திலேயே சிமெண்ட் வீடு கட்டிக்கொண்டு அதில் இருக்கிறார்கள். பெரிய வீட்டில் கல்யாணமும் சாவும் மட்டும் நடக்கின்றன. பனைநார்க் கூரை போய்த் தகரம் வந்தாயிற்று. தகரத்திலும் ஒழுகுகிறது. முற்றத்து நெற்களஞ்சியத்தில் நெல் இல்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றது.

இவர்கள் சொத்தை இரண்டாகப் பார்க்கிறார்கள். பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து பெண்வழியாக இறங்கி வருவது மேல் பூசாக்கா. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் உழைப்பில் சம்பாதித்தது கீழ்ப் பூசாக்கா. கீழதை இஸ்லாமியச் சட்டப்படி மகன் மகள்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். மேலதைப் பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் சுலபமாக வந்துவிடவில்லை. மினாங்கபாவ் மக்கள் தீவிரமான முஸ்லிம்கள். அந்த மண்ணில் பிறந்து, மக்காவின் பெரிய பள்ளிவாசலில் இமாமாக உயர்ந்த அகமது காத்திப், தாய்வழியாகச் சொத்து இறங்குவது மார்க்கத்துக்கு விரோதம், அபகரித்த சொத்துக்குச் சமம் என்று எழுதினார். ஊருக்கே பெருமை சேர்த்த மனிதர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஊர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1952-இல் புக்கிட்டிங்கியில் மார்க்க அறிஞர்களும் வழக்கறிந்த பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, மேலது வழக்கப்படி, கீழது மார்க்கப்படி என்று முடிவுகட்டினார்கள். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ வயல்தான் ஜெயித்தது என்று தோன்றுகிறது.

நான்கு காரணங்கள்

2021-இல் தோழியின் அக்கா மகளுக்குப் பேறுகாலச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தது. தனியார் கல்லூரி. சேர்க்கைக் கட்டணம், விடுதி, மூன்று வருடப் படிப்புச் செலவு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 7 கோடி ரூபியா. நம் பணத்தில் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். கையில் இல்லை. வயலை ஒத்தி வைப்பதா வேண்டாமா என்று பேசக் குடும்பம் கூடியது. ஜகார்த்தாவில் தானா ஆபாங் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் இதற்காகவே விமானம் ஏறி வந்தார். அவர்தான் குடும்பத்தின் டாத்துக், பட்டம் சூட்டிய தலைவர். வயலில் அவருக்கு ஒரு பிடி நெல் பாத்தியதை கிடையாது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் காகிதமும் செல்லாது.

மேல் பூசாக்காவை விற்க முடியாது, ஆனால் நான்கு காரணங்களுக்கு ஒத்தி வைக்கலாம் என்பது வழக்கு. வீட்டில் பிணம் கிடந்து அடக்கம் செய்ய வழியில்லாமல் இருந்தால். வயது வந்த பெண் மணமாகாமல் இருந்தால். பெரிய வீடு ஒழுகினால். நான்காவது, மூழ்கிக் கிடக்கும் அடிமரத்தைத் தூக்கி நிறுத்த. அதாவது வாரிசு சூட்டப்படாமல் கிடக்கும் குடும்பப் பட்டத்தை விழா எடுத்து மீட்க. கல்லூரிக் கட்டணம் இந்த நான்கில் எதிலும் வராது. அன்றைய கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் அதை எதில் நுழைப்பது என்பதிலேயே போயிற்று. குடும்பத்தில் ஒருத்தி படித்து வேலைக்குப் போனால் அதுவும் அடிமரத்தைத் தூக்கி நிறுத்துவதுதானே என்றார் ஒருவர். பட்டம் என்றால் டாத்துக் பட்டம், கல்லூரிப் பட்டத்தை இதில் சேர்க்காதீர்கள் என்றார் இன்னொருவர். அப்படியானால் வயது வந்த பெண் என்ற கணக்கில் எழுதிக்கொள்ளலாம், அவளும் வயது வந்தவள்தானே என்று மூன்றாமவர் சொன்னதும், அடுக்களையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண் எல்லோர் காதிலும் விழும்படி, "எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், புத்தகம் வாங்கப் பணம்தான் வேண்டும்" என்றாள். ஆண்கள் சிரித்துவிட்டார்கள். கடைசிவரை எந்தக் காரணம் என்று எவரும் எழுதவில்லை.

நான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில் இருந்த வாசற்படியோரம் உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிக்கு அது நல்ல இடம், இரண்டு பக்கப் பேச்சும் கேட்கும். என் பக்கத்தில் தோழியின் பெரியம்மா, மாக் துவோ, ஒரு முறத்தில் சிவப்பு மிளகாயைக் குவித்துவைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். கூடத்துப் பேச்சில் அவர் ஒரு முறைகூடத் தலையிடவில்லை. கிள்ளிய காம்பை ஒரு பக்கம், மிளகாயை ஒரு பக்கம், சொத்தையை மடியில் என்று கை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

டாத்துக் அப்போது புதிதாக ஒரு யோசனை சொன்னார். ஒத்தி எதற்கு? அரசாங்கம் ஊர் ஊராக வந்து நிலத்தை அளந்து சான்றிதழ் கொடுக்கிறது. குடும்ப மரம் வரைந்து, எல்லோரும் கையெழுத்திட்டு, வயலுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம். அதை வங்கியில் வைத்துத் தன் கடைக் கணக்கில் கடன் எடுக்கலாம், தவணை கட்டி நான்கு வருடத்தில் முடித்துவிடலாம், வயலும் நம்மிடமே இருக்கும், நெல்லும் நமக்கே. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. கூடத்தில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான், தலைகள் அசைந்தன.

மாக் துவோவின் கை நின்றது. முகத்தைக் கூடத்தின் பக்கம் திருப்பாமல், முறத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒத்தி எடுக்கிறவள் வயலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கே போய்விடுவாள்? நாளைக்கும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து கறி கிண்டுவாள். வங்கிக்காரன் யார் வீட்டுப் பிள்ளை?" பிறகு மறுபடியும் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

அவ்வளவுதான். டாத்துக் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் விலைவாசி, விமானக் கட்டணம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. திரும்பி வந்தபோது எந்த வயலை ஒத்தி வைப்பது, மேல் பாத்தியா கீழ்ப் பாத்தியா என்பதுதான் பேச்சாக இருந்தது. வங்கி என்ற சொல் அதன்பின் அந்தக் கூடத்தில் எழவே இல்லை. தீர்மானத்தை டாத்துக்தான் அறிவித்தார், கையெழுத்தும் அவர்தான் போட்டார். மினாங்கபாவில் பெண்களுக்கு அதிகாரம் இல்லை, எல்லாம் தாய்மாமன்கள் கையில் என்று எழுதுகிற ஆய்வாளர்களும் உண்டு, பெண்கள்தான் ராணிகள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தால் முதல் கட்சி, அடுக்களையில் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது கட்சி. நான் வாசற்படியில் இருந்தேன். பார்த்தது இதுதான்: மாக் துவோவால் தானாக எதையும் செய்ய முடியாது, ஒரு சதுர அடி நிலத்தை எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, ஆனால் அவர் வேண்டாம் என்றால் எவராலும் எதையும் செய்ய முடியாது. இதற்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடையாது.

ஒத்தி எடுத்தவர் அதே ஊரில் வேறு குலத்தைச் சேர்ந்த ஒரு விதவை, மகன்கள் வெளியூரில் வியாபாரம் செய்து பணம் அனுப்புகிறவர்கள். ஒப்பந்தம் ரூபியாவில் எழுதப்படவில்லை, தங்கத்தில். ஓர் எமாஸ் என்பது இரண்டரை கிராம். முப்பது எமாஸ், அதாவது 75 கிராம். அந்த எடையைத் திருப்பிக் கொடுக்கும்வரை வயல் அவரிடம், நெல் அவருக்கு. கெடு எதுவும் கிடையாது. பத்து வருடமானாலும் ஐம்பது வருடமானாலும், அவர் பேத்தியிடம் இவர்கள் பேத்தி அதே 75 கிராமைக் கொடுத்தால் வயல் திரும்ப வேண்டும். வரப்பு ஒட்டிய நான்கு பக்கத்து வயல்காரர்களும் சாட்சி நின்றார்கள்.

ஏழு வருடச் சட்டம்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்தோனேசியாவில் 1960-ஆம் ஆண்டு 56-ஆம் எண்ணுள்ள நிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவுப்படி, விவசாய நிலத்தை ஒத்திக்கு எடுத்தவர் ஏழு வருடம் அனுபவித்துவிட்டால், ஒரு காசும் கேட்காமல் அதை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். ஏழு வருட விளைச்சலில் கொடுத்த பணத்துக்கு மேலேயே எடுத்திருப்பார் என்பது சட்டத்தின் கணக்கு. ஏழை விவசாயி கந்துவட்டிக்காரரிடம் நிலத்தைப் பறிகொடுக்காமல் இருக்க வந்த நல்ல சட்டம். மேற்கு சுமத்ராவின் கிராமங்களில் இதைச் சொல்லி நிலத்தைத் திரும்பக் கேட்பவர்கள் அபூர்வம். சட்டம் தெரியாததால் அல்ல, எல்லோருக்கும் தெரியும். இந்த வீட்டில் இதை நான் எடுத்தபோது தோழியின் அம்மா, ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல, "அப்படிச் செய்தால் நாளைக்கு நம் வயலுக்கு எவர் தங்கம் கொடுப்பார்கள்?" என்றார். இன்று வயலை வைத்தவர் நாளை வேறொருவர் வயலை வாங்குவார். ஊருக்குள் சுற்றுகிற தங்கம் அது, சட்டத்தைக் காட்டி ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நின்றுவிடும்.

இதில் ஆண்களின் நிலையைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். தோழியின் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்தச் சிமெண்ட் வீட்டின் செங்கல் ஒவ்வொன்றும் அவர் சம்பளத்தில் வாங்கியது. நிலம் மனைவியின் குலத்தினுடையது. மனைவிக்குப் பிறகு மகள்கள் வைத்துக்கொண்டால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். குடும்பக் கூட்டத்தில் அவருக்குப் பேச்சுரிமை இல்லை. மாப்பிள்ளையை எரிந்த அடிமரத்தின் மேல் படிந்த சாம்பல், ஊதினால் பறந்துவிடும் என்று சொல்லும் பழமொழி அவர்களுடையது. அன்று கூடத்தில் பேச்சு நடந்த நேரம் முழுவதும் அவர் வெளியே பைக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பேத்தியின் படிப்புச் செலவைப் பற்றிய கூட்டம் அது. வருத்தமில்லையா என்று பிற்பாடு கேட்டேன். "என் சொல் எடுபடுகிற இடம் என் தங்கை வீடு. அங்கே போனால் நான்தான் தாய்மாமன், எல்லோரும் எழுந்து நிற்பார்கள்" என்றார். அவர் தங்கை வீடு இரண்டு மணி நேரப் பயணம்.

கல்லும் மணலும்

2,891 மீட்டர் உயர மராப்பி, 2023 டிசம்பர் 3 அன்று திடீரென்று வெடித்தது. மேலே ஏறியிருந்தவர்களில் 24 பேர் இறந்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் சாம்பலும் கல்லும் சரிவில் குவிந்துகொண்டே இருந்தன. 2024 மே 11 இரவு அடைமழை. குவிந்ததெல்லாம் ஓடைகள் வழியே சேறும் பாறையுமாக இறங்கியது. அங்கே அதைக் காலோடோ என்பார்கள். தானா டாத்தார், ஆகாம் உள்ளிட்ட மாவட்டங்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாடாங்கிலிருந்து புக்கிட்டிங்கி போகும் பிரதான சாலை லெம்பா அனாய் பள்ளத்தாக்கில் அறுந்து விழுந்தது. தோழியின் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. வயல் போய்விட்டது. ஒத்தி வைத்த அந்த வயல்தான், ஓடைக்கரை ஓரம் இருந்த கீழ்ப் பாத்தி.

நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன். படம் அனுப்பினாள். வரப்பு, வாய்க்கால், அடையாளக் கல் எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு பாறை, லாரி அளவு. அதன் நிழலில் மாக் துவோ நின்றுகொண்டிருக்கிறார், ஒரு கை எதையோ சுட்டுகிறது. எல்லை எங்கே போகிறது என்று காட்டுகிறாராம். நான்கு பக்கத்து வயல்காரர்களும் வந்து நின்று அது சரி என்று ஒப்புக்கொண்டார்கள் என்றாள். நிலச் சான்றிதழ் இருந்திருந்தால்கூட அங்கே எதை வைத்து அளப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷத்தால் ஒரு கணக்கும் போட்டேன். 2021-இல் இந்தோனேசியாவில் ஒரு கிராம் தங்கம் சுமார் 9 லட்சம் ரூபியா. 2025-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. அதே 75 கிராமுக்கு அப்போதே 15 கோடி ரூபியாவுக்கு மேல் வேண்டியிருந்தது. டாத்துக் சொன்னபடி வங்கியில் 7 கோடி வாங்கி, ஆண்டுக்குப் பத்துச் சதவீதம் என்று வட்டி வைத்து, நான்கு வருடம் அசலில் ஒரு காசு கட்டாமல் இருந்திருந்தாலும் பத்துக் கோடிக்குள் முடிந்திருக்கும். எண்களை மட்டும் பார்த்தால் மாக் துவோவின் ஒரு வாக்கியம் குடும்பத்துக்கு 5 கோடி நஷ்டம். ஆனால் வங்கியின் கடன் கெடு வைத்து வரும். மே மாதம் வயல் புதைந்த பிறகு ஜூன் மாதத் தவணைக்கு ஆள் வந்து நிற்கும். இங்கே எவரும் வந்து நிற்கவில்லை. 75 கிராமும் அப்படியே இருக்கிறது, எவருக்கும் அவசரமில்லை. வயலே இல்லாதபோது மீட்க இவர்களுக்கு ஆசை இல்லை, கேட்க அந்த விதவைக்கு வழி இல்லை. எந்தக் கணக்கு சரி என்று எனக்கு நானே பல இரவு வாதாடியிருக்கிறேன். என் தொழில் ஒன்று சொல்கிறது, அந்தப் பெண் இன்று பெக்கான்பாரு நகரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போய்க்கொண்டிருப்பது இன்னொன்று சொல்கிறது.

அவளைத்தான் இதில் எவரும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறையில் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் பெண். மாக் துவோவுக்குப் பிறகு, அம்மாவுக்குப் பிறகு, பெரிய வீடும் வயல்களும் அவள் பொறுப்பு. தம்பிகள் இருவரும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அது அவர்களுக்குப் பெருமை. பையன் வெளியூர் போய்ச் சம்பாதித்தால்தான் ஆம்பிளை. இவள் ஊரைவிட்டுப் போவதற்காக வயலை வைத்தார்கள், வயலுக்காக இவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துத் தங்கம் வாங்கிச் சேர்க்கிறாள். மீட்கவா என்று கேட்டேன். "அதை இன்னும் முடிவு செய்யவில்லை" என்றாள்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். காலோடோ கொண்டுவந்து கொட்டியது நல்ல கட்டுமான மணல். சாலையும் வீடுகளும் திரும்பக் கட்டும் காலம், மணலுக்கும் கருங்கல்லுக்கும் லாரிகள் வரிசை கட்டுகின்றன. அந்த வயலின் மேல் குவிந்திருப்பதை அள்ளிக்கொள்ள ஒரு ஒப்பந்தக்காரர் விலை பேசுகிறார். பணத்தை எவரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. நிலத்தில் விளைவது ஒத்தி எடுத்தவருக்கு, நிலம் உரியவருக்கு என்பது வழக்கு. மணல் விளைச்சலா நிலமா? விதைக்காமல் வந்து விழுந்ததை நெல்லோடு சேர்க்க முடியாது என்று டாத்துக் சொல்கிறார். மூன்று போகம் நெல் இழந்தவளுக்கு அதுதான் நெல் என்று அந்த விதவையின் மூத்த மகன் சொல்கிறான். டாத்துக்குக்கு 2028-இல் ஏழு வருடம் முடிகிறது என்பதும் நினைவில் இருக்கிறது. தொலைபேசியில் ஒரு முறை அதை இழுத்தார், மாக் துவோ பதில் சொல்லாமல் தொலைபேசியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டாராம். நகாரியின் வழக்குச் சபைக்குப் போகலாமா என்று பேச்சு நடக்கிறது. ஒப்பந்தக்காரர் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை, மேற்கே இரண்டு வயல் தள்ளி அள்ளத் தொடங்கிவிட்டார்.